பலகைக்கு எதிர்ப்பக்கம்: புதிய ஆங்கில வகுப்பும் மாணவரின் முதல் பார்வையும்

இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் ஒரே வரிசையில் எழுதப்படுகிறது. 1835இல் மெக்காலேயின் குறிப்பு, 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள், விடுதலைக்குப் பின் அமைந்த கல்வி ஆணையங்கள், 1958இல் ஐதராபாத்தில் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம் என்று அது செல்லும். ஆணையிட்டவர், பாடநூல் எழுதியவர், ஆசிரியரைப் பயிற்றியவர் ஆகிய அனைவருக்கும் அதில் இடம் உண்டு. ஒரு புதிய முறை வகுப்பறைக்குள் நுழைந்த முதல் வாரத்தில் பெஞ்சில் அமர்ந்திருந்த பிள்ளை அதை என்னவென்று எடுத்துக்கொண்டது என்பதற்கு மட்டும் இடமில்லை.

இந்தக் குறை உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று, ஆய்வு சார்ந்ததும் ஆகும். புதிய முறையைச் சந்திக்கும் மாணவர் முதலில் புரிந்துகொள்ள முயல்வது மொழியை அன்று, வகுப்பின் ஒப்பந்தத்தை. இங்கே கேள்வி என்பது எது, எது விடையாக ஏற்கப்படும், தவறினால் என்ன நேரும் என்பவற்றை அவர் சில நாள்களுக்குள் கணித்துவிடுகிறார். அந்தக் கணிப்பின்மீதே பின்னர் வரும் கற்றல் நடக்கிறது. ஆகவே முதல் எண்ணத்தைத் தேடுவது, முறைகளின் வரலாற்றை அவை உண்மையில் செயல்பட்ட இடத்தில் தேடுவதாகும்.

மாணவரே பிற்காலத்தில் எழுத்தாளராகவோ தலைவராகவோ ஆகும்போது மட்டுமே இத்தகைய பதிவு நமக்குக் கிடைக்கிறது. இரவீந்திரநாத் தாகூர் தம் வாழ்க்கை நினைவுகளில் கல்கத்தாவின் நார்மல் பள்ளியைப் பற்றி எழுதுகிறார். வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகள் அனைவரும் வரிசையாக அமர்ந்து ஒரு பாட்டைப் பாட வேண்டும். படிப்பில் சற்று உற்சாகம் சேர்க்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் சொற்கள் ஆங்கிலம், மெட்டும் அயல்நாட்டது. பிள்ளைகளின் வாயில் அது பொருளற்ற மந்திரமாக உருமாறியது. வளர்ந்தபின் அந்த ஒலிகளிலிருந்து மூல ஆங்கிலச் சொற்களுள் சிலவற்றைத் தம்மால் ஊகிக்க முடிந்ததாகவும், முதற்சொல் மட்டும் இறுதிவரை பிடிபடவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். மகிழ்ச்சி தருவதற்கென்று வகுத்த ஒரு வழக்கம், அதன் நடுவில் அமர்ந்திருந்தவருக்கு எதையும் தராமல் போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

காந்தியின் தன்வரலாற்றில் வரும் சான்று வேறு வகையானது. ராஜ்கோட்டில் நான்காம் வகுப்பிலிருந்து பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. மூன்றாம் வகுப்பை முழுமையாக முடிக்காமல் மேல்வகுப்புக்கு ஏற்றப்பட்டிருந்த அவருக்கு வடிவகணிதம் புதிய பாடம். அதைச் சொல்லும் மொழியும் புதிது. திசை தெரியாமல் தத்தளித்ததாகவும், மூன்றாம் வகுப்புக்கே திரும்பிவிடலாமா என்று அடிக்கடி எண்ணியதாகவும் எழுதுகிறார். திரும்பினால் தமக்கு மட்டுமன்றித் தம்மை நம்பி மேலேற்றிய ஆசிரியருக்கும் இழுக்கு என்ற அச்சமே அவரை நிறுத்தியது. யூக்ளிடின் பதின்மூன்றாம் தேற்றத்தை எட்டியபோதுதான் அப்பாடத்தின் எளிமை அவருக்கு விளங்கியது. 1938இல் ‘ஹரிஜன்’ இதழில் இதே அனுபவத்தை நினைவுகூர்ந்தபோது, நான்கு ஆண்டுகள் செலவிட்டுக் கற்றவற்றைக் குஜராத்தி வழியில் ஓராண்டில் கற்றிருக்க முடியும் என்று கணக்கிட்டார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று அந்த மாணவர் முறையைக் குறை கூறவில்லை, தம்மையே குறை கூறிக்கொண்டார். குறை முறையில் இருந்தது என்ற முடிவுக்கு வர அவருக்குப் பல பதிற்றாண்டுகள் பிடித்தன. அவ்வாறு திரும்பிப் பார்த்து எழுதும் வாய்ப்பு இல்லாத மாணவர்கள், தங்களுக்கு ‘இங்கிலீஷ் வராது’ என்ற முடிவோடு நின்றுவிட்டனர்.

தாகூர் ஆசிரியரானபோது தம் இளமை அனுபவத்துக்கு விடை தேடினார். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கிய அவர், அங்குள்ள பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பாடநூல்களைத் தாமே எழுதினார். அவற்றுள் ஒன்றான ‘இங்கிரேஜி ஸ்ருதிசிக்ஷா’ பெயருக்கேற்பக் கேட்டலிலிருந்து தொடங்குகிறது. ஆசிரியர் வா, போ, உட்கார் என்று ஆங்கிலத்தில் ஏவுவார்; மாணவர் அதன்படி செய்வார். எழுத்தும் இலக்கணமும் பின்னர் வரும். பொருள் தெரியாத ஒலியை உரக்கப் பாடிய பிள்ளை வளர்ந்து ஆசிரியரானபோது, பொருள் உடலுக்குப் புரியுமுன் வாயைத் திறக்கச் சொல்லாத ஒரு முறையை வகுத்தார்.

அதே வங்கத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், 1926இல் வங்கத்தின் இருமொழியத்தைப் பற்றிய விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அதில் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு கருத்தை அவர் கடன் வாங்கினார். ஆயுள் காப்பீட்டை இடையில் நிறுத்துபவருக்கு, அதுவரை கட்டிய தவணைகளுக்கு ஈடாக ஒரு தொகை கிடைக்கும். அதைச் சரண் மதிப்பு என்பர். படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளைக்கு, அதுவரை கற்ற ஆங்கிலத்தின் சரண் மதிப்பு என்ன என்று வெஸ்ட் கேட்டார். இரண்டாண்டு இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கற்றுவிட்டு நின்றவரால் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க இயலாது எனில், அந்த இரண்டாண்டு வீண். எனவே வாசிப்பை முதலில் வைத்து, சொற்களைக் கட்டுப்படுத்தி, புதிய சொற்களைச் சீராக இடைவெளிவிட்டு அறிமுகம் செய்து, அவற்றைத் திரும்பத் திரும்பக் கண்ணில் படவைக்கும் வாசகங்களை அவர் உருவாக்கினார். அவை ‘நியூ மெத்தட்’ வாசகங்கள் என்ற பெயரில் நெடுங்காலம் புழங்கின. 1953இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 சொற்களின் பொதுப்பயன் பட்டியலும் இந்த அக்கறையின் தொடர்ச்சியே.

முதல் எண்ணத்தின் வரலாற்றுக்கு வெஸ்டின் கேள்வி இன்றியமையாதது. பல பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தோடு நேர்ந்த முதல் சந்திப்பே கடைசிச் சந்திப்புமாகும். பத்தாண்டு படிப்பவருக்கு முதல் ஆண்டின் குழப்பம் பின்னர் தீரக்கூடும். இரண்டாம் ஆண்டில் வயலுக்கோ பட்டறைக்கோ போய்விடுபவருக்கு அந்தக் குழப்பமே ஆங்கிலம்.

விடுதலைக்குப் பின் ஆங்கில வகுப்பை மாற்றும் பெருமுயற்சி சென்னை மாநிலத்தில் தொடங்கியது. ‘ஸ்ட்ரக்சுரல் அப்ரோச்’ என்று ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் வழங்கிய அமைப்புமுறை, மொழியைச் சிறு வாக்கிய அமைப்புகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சி மூலம் பதியவைப்பது. 1950களின் இறுதியில், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு இம்முறையில் மறுபயிற்சி தரத் திட்டமிடப்பட்டது. சிலரைப் பயிற்றி, அவர்கள் பலரைப் பயிற்றி, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றும் ஏற்பாடு என்பதால், உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தின் பெயரால் இது ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ எனப்பட்டது. எண்ணிக்கையின் அளவில் அது உலகமே கவனித்த முயற்சி.

இந்த வகுப்பு பெஞ்சிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அதன் செயல்முறையே காட்டிக்கொடுக்கிறது. ஆசிரியர் பேனாவைத் தூக்கிக் காட்டி, இது பேனா என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். வகுப்பு சேர்ந்து சொல்கிறது. ஒருவர் கதவை நோக்கி நடக்கிறார். அவர் என்ன செய்கிறார் என்று ஆசிரியர் கேட்கிறார். அது பேனா என்பதும், அவர் நடக்கிறார் என்பதும் அறையிலுள்ள அனைவரும் அறிந்தவை. ஆக, ஆங்கில வகுப்பில் கேள்வி என்பது அறியாததை அறியக் கேட்பது அன்று; அறிந்ததை ஆங்கிலத்தில் சொல்லவைக்கும் சைகை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இதில் ஒரு வறட்சி உண்டு. ஆனால் ஒரு பாதுகாப்பும் உண்டு. சேர்ந்து சொல்லும்போது சொல்லத் தெரியாதவரும் உதட்டை அசைத்து ஒளிந்துகொள்ளலாம். விதிகள் தெளிவானவை, எதிர்பார்ப்பது எது என்பதில் ஐயமில்லை. புதுமையாளர்கள் இந்த வறட்சியைக் கண்ட அளவுக்கு அந்தப் பாதுகாப்பைக் காணவில்லை.

இப்பின்னணியில்தான் 1979இல் பெங்களூரில் ஒரு பரிசோதனை தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபுவும் பெங்களூரிலிருந்த தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தாரும் இணைந்து நடத்திய அத்திட்டம் 1984 வரை நீடித்தது. மொழியியலாளர் வட்டத்தில் ‘பெங்களூர்த் திட்டம்’ என்றே இது நிலைத்துவிட்டது. அடிப்படைக் கருத்து எளியது, விளைவில் துணிச்சலானது. மாணவரின் கவனம் பொருளில் முழுதும் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணத் திறன் உள்ளுக்குள் உருவாகிறது என்று பிரபு கருதினார். எனவே பாடத்திட்டத்தில் வாக்கிய அமைப்புகளின் பட்டியல் இல்லை, சொற்பட்டியல் இல்லை. பணிகளின் தொகுதி மட்டுமே இருந்தது. கால அட்டவணை, நாள்காட்டி, கடிகார முகப்பு, வரைபடம், தூரங்கள், பணக் கணக்கு, வயதும் பிறந்த ஆண்டும் போன்றவை அதன் கருப்பொருள்கள். கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், பென்சில் ஆகியவையே கருவிகள். அரசுப் பள்ளியில் கிடைக்காத எதையும் இந்த முறை கேட்கக்கூடாது என்பது அதன் நெறிகளுள் ஒன்று.

வெளியான பாடப் பதிவுகளுள் ஒன்றில் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸின் நேர அட்டவணை வருகிறது. வண்டி எப்போது புறப்படுகிறது, ஓர் ஊரை எப்போது அடைகிறது, அங்கிருந்து அடுத்த ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பன போன்ற கேள்விகள் எழுகின்றன. முதலில் ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து வாய்மொழியாக ஒரு பணியைச் செய்து பார்ப்பர். பின்னர் அதேபோன்ற வேறொரு பணியை ஒவ்வொரு மாணவரும் தனியே தாளில் செய்வார். ஆசிரியர் அதைத் திருத்தி மதிப்பெண் இடுவார். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் பணியின் பாதியையாவது சரியாகச் செய்தால் அது தக்க அளவு சவால் உடையது. இல்லையெனில் அடுத்த பணி எளிதாக்கப்படும் அல்லது கடினமாக்கப்படும்.

பழைய வகுப்பின் விதிகளுக்குப் பழகிய ஒரு பிள்ளைக்கு இந்த வகுப்பின் முதல் வாரம் என்னவாகத் தோன்றியிருக்கும்? கணக்கு வகுப்பு என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஆங்கிலப் பாடவேளை என்று அட்டவணை சொல்கிறது. நடப்பதோ ரயில் நேரத்தைக் கழித்துப் பார்ப்பது. மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. சேர்ந்து சொல்ல எதுவும் இல்லை. வீட்டில் ‘இன்று இங்கிலீஷில் என்ன நடத்தினார்கள்’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வாக்கியமும் இல்லை. சேர்ந்திசையின் மறைவு போய்விட்டது. தாளின் முன் ஒவ்வொருவரும் தனியர்.

ஆனால் இழந்த பாதுகாப்புக்கு ஈடாக வேறொன்று கிடைத்தது. ஒரு சொல்லிலோ, ஓர் எண்ணிலோ, படத்தில் இடும் ஒரு கோட்டிலோ விடை தரலாம். முழு வாக்கியம் சொல்லவில்லை என்பதற்காக விடை தள்ளப்படாது. இடையில் ஒரு தாய்மொழிச் சொல் வந்தால் அது குற்றமாகாது. பிழையான ஆங்கிலத்தில் சரியான விடை சொன்னால், ஆசிரியர் அதையே சரியான வடிவில் தம் பேச்சில் எடுத்துக்கொண்டு மேலே செல்வார். அதற்கெனப் பாடத்தை நிறுத்திப் பயிற்சி நடத்தமாட்டார். தவறு நேர்ந்தால் அது கழித்தலில் நேர்ந்த தவறு. மொழியின் முன் நேர்ந்த தலைகுனிவு அன்று. ராஜ்கோட் வகுப்பறையில் ஒரு மாணவரை வாட்டிய நாணம் எழுவதற்கு இங்கே வாயில் குறைவு. குழுவாக அமர்ந்து பேசும் பயிற்சியைப் பிரபு ஏற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அரைகுறை ஆங்கிலம் அரைகுறை ஆங்கிலத்தோடு மட்டும் பேசினால் அந்த அரைகுறையே உறைந்துவிடும் என்று அவர் அஞ்சினார்.

1984இல் எடின்பரோவைச் சேர்ந்த ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் இத்திட்டத்தை மதிப்பிட்டனர். பெங்களூர், சென்னை, கடலூர், தலச்சேரி ஆகிய நான்கு ஊர்ப் பள்ளிகளில் திட்ட வகுப்புகளும் வழக்கமான வகுப்புகளும் ஒப்பிடப்பட்டன. முடிவுகள் 1985இல் வெளியாயின. வாக்கிய அமைப்பைச் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்பினர் முந்தினர். பணிசார் தேர்வில் திட்ட வகுப்பினர் முந்தினர். அவரவர் பழகியதில் அவரவர் வென்றனர் என்பது இவ்விரண்டின் சுருக்கம். இரு தரப்புக்கும் பொதுவானவையாகக் கருதப்பட்ட சூழல்வழி இலக்கணம், சொல்வதெழுதுதல், புரிதல் ஆகிய தேர்வுகளில் முடிவுகள் பெரிதும் திட்ட வகுப்பினருக்குச் சாதகமாக இருந்தன. முழுவகுப்புகளை அப்படியே ஒப்பிட்டதால் எழும் வரம்புகளை மதிப்பீட்டாளர்களும் மறைக்கவில்லை.

இந்த முடிவுகள் கல்வித்துறைக் கருத்தரங்குகளில் முறையின் வெற்றியா தோல்வியா என்ற கோணத்திலேயே பேசப்பட்டன. மாணவரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. அன்றைய பொதுத்தேர்வு எந்தத் தேர்வை ஒத்திருந்தது? பாடநூலையும் இலக்கண வடிவங்களையும் ஒட்டிய வினாத்தாளே பெரும்பாலோரின் முன் இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வெஸ்ட் சொன்ன சரண் மதிப்பு அந்த மதிப்பெண் பட்டியலில் இருந்தது. ஆழமான திறனை அளிக்கக்கூடிய ஒரு முறை, உடனடியாகத் தேவைப்படும் சான்றிதழில் ஒரு படி பின்தள்ளக்கூடும் எனில், அந்த இடரைச் சுமப்பவர் யார்? ஆய்வாளருக்கு எந்த முடிவும் ஒரு கட்டுரை. நிறுவனத்துக்கு எந்த முடிவும் ஓர் அறிக்கை. சுமை தாளின் முன் தனியே அமர்ந்திருந்தவருடையது. இது பெங்களூர்த் திட்டத்துக்கு மட்டும் உரிய குற்றச்சாட்டு அன்று. தேர்வை மாற்றாமல் வகுப்பை மட்டும் மாற்றும் ஒவ்வொரு முயற்சிக்கும் பொருந்துவது.

இத்திட்டம் வகுப்பறையில் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைப் பற்றிப் பெரெட்டா 1990இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். ஆசிரியர்கள் அனைவரும் முறையின் உட்பொருளை ஒரே அளவில் தமதாக்கிக்கொள்ளவில்லை என்பதும், பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களுக்கு அது கூடுதலாகக் கடினமாக இருந்தது என்பதும் அதில் வெளிப்பட்டன. பனிப்பந்து 27,000 பேரிடம் உருளும்போது என்ன நேரும் என்பதற்கு இந்தச் சிறு திட்டத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஆசிரியர் பாதி நம்பிக்கையோடு நடத்தும் புதிய முறையில் மாணவர் இரண்டு ஒப்பந்தங்களை ஒரே நேரத்தில் காண்கிறார். வாய் புதியதைச் சொல்கிறது. முகம் பழையதை எதிர்பார்க்கிறது.

பிரபு இதை அறியாதவர் அல்லர். 1987இல் திட்டத்தின் வரலாற்றையும் கோட்பாட்டையும் நூலாக்கிய அவர், 1990இல் மிகச்சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று வாதிடும் கட்டுரையை எழுதினார். முறையைவிட முக்கியமானது, தாம் செய்வதால் கற்றல் எப்படி நிகழ்கிறது என்பதைப் பற்றி ஆசிரியருக்குள் இருக்கும் ஏற்புணர்வு என்றார். அந்த உணர்வு உயிரோடு இருக்கும் வகுப்பில் எந்த முறையும் பயன்தரும். இல்லாத இடத்தில் எந்த முறையும் சடங்காகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். இன்றைய ஆசிரியர் கல்வியில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கருத்துகளுள் இது ஒன்று.

இதற்கு ஒரு மறுபாதி உண்டு. மாணவருக்கும் அத்தகைய ஏற்புணர்வு இருக்கிறது. தான் செய்வதால் தனக்கு ஆங்கிலம் வரும் என்று நம்புவதற்கு அவருக்கும் ஒரு காரணம் வேண்டும். நார்மல் பள்ளியின் பாட்டு அந்தக் காரணத்தைத் தரவில்லை. பேனாவைக் காட்டிய வகுப்பு ஒரு காரணத்தைத் தந்தது. அது பயன்பாட்டோடு பொருந்தாதது என்று பின்னரே தெரிந்தது. ரயில் அட்டவணை வகுப்பு பயன்பாட்டைத் தந்தது. ஆனால் ‘இது எப்படி ஆங்கிலப் பாடமாகும்’ என்ற கேள்விக்கான விடையைப் பிள்ளையிடமே விட்டது. உள்ளுக்குள் தானாக நிகழும் கற்றல் என்பது கோட்பாட்டாளருக்குத் தெரியும், கற்பவருக்குத் தெரியாது. தான் கற்கிறோம் என்பதைக் காணமுடியாத மாணவர், கற்கவில்லை என்று முடிவுசெய்யும் அபாயம் எப்போதும் உண்டு. அந்த அபாயத்தை எதிர்கொள்ளப் பெரிய கோட்பாடு வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு முன் செய்ய முடியாத ஒரு பணியை இன்று செய்ய முடிகிறது என்று பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துக் காட்டினாலே போதும்.

2005இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி வெளியான ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை, பொருளுள்ள மொழியைப் பிள்ளைகள் ஏராளமாகக் கேட்கவும் படிக்கவும் வேண்டும் என்பதை முன்வைத்தது. அதன்பின் மாநிலங்களில் செயல்வழி வகுப்புகள், அட்டைகள், ஒலிப்பதிவுகள், கைப்பேசிச் செயலிகள் என்று புதுமைகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக் கையேடு இருக்கிறது, மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறது. பள்ளி அலுவலகங்களில் வருகைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் பேணப்படுகின்றன. மாணவரின் குறிப்பேடு மட்டும் ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகிறது. முதல் வாரத்தில் எந்தப் பக்கம் வெறுமையாக விடப்பட்டது, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழிலோ கன்னடத்திலோ உச்சரிப்பு எழுதிவைக்கப்பட்டது, எந்த விடை அழித்து அழித்து எழுதப்பட்டது என்பவை அந்தக் குறிப்பேடுகளில்தாம் இருக்கின்றன.

அடுத்த முறை ஒரு புதிய ஆங்கிலத் திட்டம் அறிவிக்கப்படும்போது, ஆய்வு மாணவர்கள் செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று இருக்கிறது. முதல் வாரத்தின் குறிப்பேடுகளைப் பிள்ளைகளின் இசைவோடு படியெடுத்து வைக்கலாம். இந்த வகுப்பில் உன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை அவர்களின் தாய்மொழியிலேயே கேட்டுப் பதிவுசெய்யலாம். தாகூராகவோ காந்தியாகவோ ஆகப்போகாத பிள்ளைகளின் முதல் எண்ணம் வரலாற்றில் இடம்பெற வேறு வழி தெரியவில்லை.